ரெய்லே, டோன்சாய்க்கு தனியா கிளைம்பிங் போறீங்களா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

தாய்லாந்துல கிராபி பக்கம் கடலோரமா இருக்குற ரெய்லே, டோன்சாய் பாறைகளுக்கு தனியா கிளம்பணும்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குறாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள எல்லாம் இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

தனியா போறதுன்னா கயிறு இல்லாம ஏறுறதா?

இல்ல, இல்லவே இல்ல. தனியா டிக்கெட் போட்டு, தனியா ரூம் எடுத்து, கூட வர ஆள் இல்லாம ஊருக்குப் போறது ஒண்ணு, பாறையில தனியா ஏறுறது வேற ஒண்ணு. நான் சொல்றது முதல் வகை மட்டும்தான். பாறைக்கு கீழ வந்து நின்னுட்டா கயிறோட மறுமுனைய பிடிக்க நம்பகமான ஒரு ஆள் கண்டிப்பா வேணும், அந்த ஆள எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி சோதிச்சுப் பாக்குறதுன்றதுதான் இந்த ட்ரிப்போட பாதி பிளானிங், ஃப்ளைட்டும் ரூமும் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கடற்கரை எவ்வளவோ இருக்கு, ஏன் ரெய்லே?

தனியா வர்றவங்களுக்கு இவ்வளவு சௌகரியமான இடம் கம்மி. பீச்ல இருந்து பாறைக்கு நடந்தே போயிடலாம், வண்டி வேண்டாம், கூட்டிட்டுப் போக ஆள் வேண்டாம். 1980கள் கடைசியிலயே அங்க போல்ட் (கயிற மாட்ட பாறையில பதிக்கிற உலோக ஆணி) அடிச்சு ரூட் (ஏறுற பாதை) போட ஆரம்பிச்சிட்டாங்க, இப்போ நூத்துக்கணக்குல ரூட் இருக்கு, புதுசா கத்துக்குறவங்களுக்கு ஏத்த 5 கிரேடுல இருந்து 8 கிரேடு வரைக்கும் (நம்பர் ஏற ஏற கஷ்டம்). எல்லாம் சுண்ணாம்புப் பாறை, மேல இருந்து தொங்குற சுண்ணாம்பு விழுதுங்கள கட்டிப்பிடிச்சு ஏறுற மாதிரியான ரூட் நம்ம ஊர்ப் பக்கம் எங்கயும் கிடைக்காது. சீசன்ல உலகத்துல எங்கெங்க இருந்தோ தனியா வந்த கிளைம்பர்ஸ் அங்க இருப்பாங்க, அதனால உங்கள மாதிரியே பார்ட்னர் தேடிட்டு இருக்குற ஆள் கண்டிப்பா கண்ணுல படுவாங்க.

எந்த மாசம் போறது?

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை ரொம்ப நல்லா இருக்கும், ஆனா கூட்டமும் ரூம் விலையும் அப்பதான் உச்சம். மார்ச், ஏப்ரல்ல வெயில் கொளுத்தும். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரை தென்மேற்கு மழை, கடலும் கொந்தளிப்பா இருக்கும். நல்லா வெளிய துருத்திட்டு இருக்குற பாறையில மழை நேரா படாது, அதனால மழைக்காலத்துலயும் சிலர் ஏறுறாங்க, ஆனா உள்ளுக்குள்ள ஊறி வர்ற தண்ணி பிடிமானத்த எல்லாம் வழுவழுன்னு ஆக்கிடும். தனியா போறவங்களுக்கு என் சிபாரிசு டிசம்பர் ஆரம்பம் இல்லன்னா ஜனவரி கடைசி, ஏன்னா கிளைம்பர்ஸ் நிறைய இருப்பாங்க, கிறிஸ்துமஸ் நியூ இயர் நெரிசலும் இருக்காது.

எப்படி போய் சேர்றது?

சென்னையில இருந்து பாங்காக், அங்க இருந்து உள்நாட்டு ஃப்ளைட்ல கிராபி, இது ஒரு வழி. கோலாலம்பூர், சிங்கப்பூர்ல இருந்து நேரா கிராபிக்கே ஃப்ளைட் இருக்கு, அதனால மலேசியா, சிங்கப்பூர்ல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு இது லாங் வீக்எண்ட் ட்ரிப். கிராபி ஏர்போர்ட்ல இருந்து ஆவ் நாங்ன்ற கடற்கரை ஊர் வரைக்கும் பஸ்ஸோ வேனோ, அதுக்கப்புறம் நீளவால் படகு. ரெய்லே தீவு இல்ல, நிலத்தோட சேர்ந்த இடம்தான், ஆனா சுத்தி செங்குத்தான பாறை நிக்கிறதால ரோடே கிடையாது, படகு மட்டும்தான். ஆவ் நாங்ல இருந்து பதினஞ்சு நிமிஷம் கூட ஆகாது, ஆனா ஆள் சேர்ற வரைக்கும் படகு கிளம்பாது, தனியா போறவங்களுக்கு இந்த காத்திருப்பு இருக்கும், பகல்ல போனா சீக்கிரம் ஆள் சேரும். ராத்திரி லேட்டா இறங்குற ஃப்ளைட்னா அன்னைக்கு ஆவ் நாங்லயே தங்கிட்டு காலைல போங்க, இருட்டுல பையத் தூக்கிட்டு முழங்கால் தண்ணியில இறங்கி நடக்குறது தேவையில்லாத வேலை.

விசா விதி அடிக்கடி மாறிட்டே இருக்கு, அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தாய்லாந்து தூதரக சைட்டப் பாத்துடுங்க. 2025 மே 1ல இருந்து வர்றவங்க எல்லாரும் டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல போடணும், அது இலவசம், பணம் கேக்குற சைட்ல போடாதீங்க.

ரெய்லேல தங்குறதா, டோன்சாய்ல தங்குறதா?

ரெய்லே மேற்குன்னா அழகான மணல், காஸ்ட்லி ரிசார்ட். ரெய்லே கிழக்குல அலையாத்தி மரமும் சேறுமா இருக்கும், குளிக்க ஆகாது, ஆனா ரூம் விலை குறைவு, கிளைம்பிங் கடைங்களும் அந்தப் பக்கம்தான், புதுசா வர்றவங்க ஏறுற ஒன் டூ த்ரீ வால்ன்ற பாறைச் சுவர் ஒரு நடை தூரம். டோன்சாய் பக்கத்து வளைகுடா, மூங்கில் குடிசை, சின்னச் சின்ன பார், முழுக்க கிளைம்பர்ஸ் கூட்டம். லீட் பண்ண (ஒவ்வொரு போல்ட்லயும் கயிற மாட்டிக்கிட்டே முதல் ஆளா ஏற) தெரிஞ்சு பார்ட்னர் தேடுறவங்களுக்கு டோன்சாய், முதல் தடவை வெளிப்பாறைக்கு வர்றவங்களுக்கு ரெய்லே கிழக்கு, என் கணக்கு அவ்வளவுதான்.

ரெண்டுக்கும் நடுவுல போக வர கடல் வத்தின நேரத்துல பாறையோரமா நடந்துடலாம். கடல் ஏறிடுச்சுன்னா அந்த வழி மூடிடும், காட்டுப் பாதையில ஏறி இறங்கித்தான் போகணும், அரை மணி நேரம் வச்சுக்கோங்க. தினமும் காலைல கடல் ஏத்த இறக்க நேரத்தப் பாத்துட்டு கிளம்புங்க, சாயங்காலம் திரும்பும்போது தண்ணி எங்க நிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா நிம்மதி. ஹெட்லாம்ப் பையிலயே இருக்கட்டும்.

கிளைம்பிங் ஜிம்ல மட்டும்தான் ஏறியிருக்கேன், லீட் பண்ணினதே இல்ல. போலாமா?

தாராளமா போலாம். அங்க உள்ள ஸ்கூல்ங்கள்ல அரை நாள், முழு நாள், மூணு நாள் கோர்ஸ் இருக்கு, மூணு நாள் கோர்ஸ்ல லீட் பண்றது, ஆங்கர்ல (ரூட் உச்சியில கயிறு மாட்டுற இடம்) கயிறு மாத்தி இறங்குறது எல்லாம் சொல்லித் தருவாங்க. ஒரே ஒரு விஷயம், ஊர்லயே பிலே பண்ண (ஏறுறவர் விழுந்தா தாங்குற மாதிரி கீழ நின்னு கயிறு பிடிக்க) ஒழுங்கா கத்துக்கிட்டு போங்க, போல்டரிங் (கயிறு இல்லாம குட்டையான பாறையில ஏறுறது) மட்டும் பண்ணி கை எவ்வளவு ஸ்ட்ராங்கா இருந்தாலும் கயிறு பிடிக்கத் தெரியலன்னா யாரும் உங்களோட ஜோடி சேர மாட்டாங்க, சேரவும் கூடாது. முடிஞ்சா கர்நாடகால இருக்குற பாதாமி போய் நிஜப் பாறையில ரெண்டு மூணு நாள் பழகுங்க. அது மணற்பாறை, இது சுண்ணாம்பு, ஆனா உயரத்துல நின்னு போல்ட்ல க்ளிப் பண்ற பதட்டம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். ஜிம்ல பழகின கிரேடுல இருந்து ரெண்டு படி கீழ ஆரம்பிங்க. பிரெஞ்ச் கிரேடுலதான் எழுதியிருப்பாங்க, 5, 6ஏ ரூட்டுங்கள்ல முதல் நாள் முழுக்க இருந்தாலும் தப்பில்ல.

பார்ட்னர் எங்க கிடைப்பாங்க?

காலைல கிளைம்பிங் கடை வாசல்ல, சாயங்காலம் டோன்சாய் பார்ல, இல்ல நேரா பாறைக்கு கீழ. "யாருக்காவது மூணாவது ஆள் வேணுமா"ன்னு கேட்டுப் பாருங்க, அங்க அது சகஜம். மூணு பேரா ஏறுறது தனியா வந்தவங்களுக்கு ரொம்ப நல்லது, ஏன்னா மத்த ரெண்டு பேர் எப்படி பிலே பண்றாங்கன்னு நீங்க தரையில நின்னு பாக்கலாம். முதல் நாள் ஒரு கைடோட ஏறுங்க, ஏரியாவும் புரியும், அந்த குரூப்லயே அடுத்த நாளுக்கு ஆள் கிடைக்கவும் நல்ல சான்ஸ்.

முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட உயிரக் குடுக்குறோமே, எப்படி நம்புறது?

நம்ப வேண்டாம், பாருங்க. அந்த ஆளோட கிரேடு, போன ஊர் லிஸ்ட், போட்டோ எல்லாம் எதுக்கும் ஆகாது, 7பி ஏறுறவங்கள்லயே கவனமில்லாம கயிறு பிடிக்கிறவங்க இருக்காங்க. அவங்க கை எங்க இருக்குன்னு பாருங்க. பிலே பண்றப்போ பிரேக் பக்கம் (கயிற நிறுத்திப் பிடிக்கிற பக்கம்) இருக்குற கை எந்த நேரத்துலயும் கயிற விடக்கூடாது, கிரிகிரி (வெடுக்குன்னு இழுத்தா கயிற தானா பிடிக்க உதவுற பிலே கருவி) வச்சிருந்தாலும்தான். ஏறுறவர் மூணாவது போல்ட் தாண்டுறதுக்குள்ள இவர் பக்கத்துல இருக்குறவங்களோட கதை பேச ஆரம்பிச்சிட்டா, சிரிச்சிட்டு நன்றி சொல்லிட்டு வேற ஆளப் பாருங்க.

முதல் ரூட் ரெண்டு பேருக்கும் ரொம்ப ஈசியானதா எடுங்க. ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் செக் பண்ணணும், வாயால கேட்டா பத்தாது, கண்ணால பாத்து கையால தொடணும். ஃபிகர் எய்ட் (8 வடிவ) முடிச்சு ஹார்னஸோட (இடுப்புல மாட்டுற பெல்ட்) ரெண்டு லூப்புக்குள்ளயும் போயிருக்கா, முடிச்சுக்கு வெளிய மிச்சம் நிக்கிற கயிறு போதுமான நீளம் இருக்கா, பக்கிள் இறுக்கியாச்சா, பிலே டிவைஸ்ல கயிறு சரியான திசையில போகுதா (கிரிகிரின்னா கயிற ஒரு வெடுக்கு இழுத்துப் பாருங்க, பூட்டணும்), காராபைனர் (உலோகக் கொக்கி) லாக் ஆயிருக்கா, கடைசியா கயிறோட மறுமுனையில முடிச்சு போட்டிருக்கா. இந்தக் கடைசி முடிச்சுதான் அங்க ரொம்ப முக்கியம். ரெய்லேல நீளமான ரூட் நிறைய, கீழ இறக்கும்போது கயிறு பத்தாம முனை பிலே டிவைஸ்குள்ள இருந்து வழுக்கி வெளிய வந்து ஆள் விழுற விபத்து உலகம் முழுக்க வருஷா வருஷம் நடக்குது. பத்து செகண்ட்ல போடுற ஒரு முடிச்சு அதத் தடுக்கும்.

இன்னொண்ணு, மேல போய் ஆங்கர்ல என்ன பண்ணப் போறோம்னு தரையிலயே பேசி முடிச்சிடணும். "நான் மேல போய் கயிற மாத்துவேன், நீ என்னைய பிலேல இருந்து எடுக்கவே கூடாது, நான் உன் பேரச் சொல்லி டேக்னு சொன்னதும் இழுத்துப் பிடி, அப்புறம் இறக்கு." இவ்வளவும் தெளிவா சொல்லுங்க. வேற வேற நாட்டுல வேற வேற வார்த்தை பழகியிருப்பாங்க, படகு சத்தத்துல பாதி காதுல விழாது, மேல நிக்கிறவர் இறக்குவாங்கன்னு நினைச்சு சாய்வாரு, கீழ நிக்கிறவர் அவரே ராப்பெல் பண்ணி (தானே கயித்தப் பிடிச்சு இறங்கி) வருவாருன்னு நினைச்சு கயிற கழட்டியிருப்பாரு. அனுபவசாலிங்களே இப்படி விழுந்திருக்காங்க.

இதெல்லாம் கேட்டா அவங்க தப்பா நினைப்பாங்களோன்னு நம்மள்ல பலருக்கு ஒரு கூச்சம் வரும், முக்கியமா ஆள் நம்மள விட வயசுல பெரியவரா, நல்லா ஏறுறவரா இருந்தா. நல்ல கிளைம்பர் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. செக் பண்ணும்போது மூஞ்சி சுளிக்கிற ஆளோட ஏற வேண்டிய அவசியமே இல்ல. மல்டிபிட்ச், அதாவது பாதி உயரத்துல நின்னு நின்னு போற நீள ரூட், டோன்சாய்ல ஹியூமானாலிட்டி மாதிரி, அதெல்லாம் ஒருத்தரோட குறைஞ்சது ரெண்டு மூணு நாள் சேர்ந்து ஏறினதுக்கு அப்புறம் யோசிங்க.

போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு உடையும்னு சொல்றாங்களே?

பழைய போல்டுங்க விஷயத்துல அது உண்மை, பயம் நியாயமானதுதான். கடல் உப்பு, வெப்பம், சுண்ணாம்புப் பாறையில ஊறி வர்ற தண்ணி எல்லாம் சேர்ந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு உள்ளயே கண்ணுக்குத் தெரியாத விரிசல உண்டாக்குது. வெளிய பளபளன்னு இருக்கும், சின்ன விழுகைக்கே உடையும், சில போல்ட் கையால இழுத்தே உடைஞ்சிருக்கு. இதனாலதான் அங்க உள்ளூர் கிளைம்பர்ஸும் வெளிய இருந்து வந்தவங்களும் சேர்ந்து பசை வச்சு ஒட்டுற டைட்டானியம் போல்டா மாத்திட்டு வர்றாங்க, தைட்டானியம் (தாய், டைட்டானியம் ரெண்டையும் சேர்த்து) ப்ராஜெக்ட்னு அதுக்குப் பேரு, நன்கொடையில ஓடுது. அங்க ஏறுற ஒவ்வொருத்தரும் அதுக்கு கொஞ்சமாவது குடுக்கணும்னு நான் நினைக்கிறேன், நம்ம எடை தொங்குறது அவங்க வெயில்ல நின்னு துளை போட்ட போல்ட்லதான்.

பாத்து தெரிஞ்சுக்க: டைட்டானியம் மங்கலான சாம்பல் நிறத்துல, வளைச்ச கம்பி மாதிரி ஒரே துண்டா பாறைக்குள்ள போயிருக்கும், சுத்தி பசை தெரியும். தனியா ஒரு தகடு வச்சு நட்டு முறுக்கின மாதிரி இருந்தா, இல்ல கீழ பழுப்பு கலர் வழிஞ்சிருந்தா அது பழசு, அந்த ரூட்ட விட்டுடுங்க. எந்த ரூட் மாத்தியாச்சுன்னு கிளைம்பிங் கடையில கேட்டாலே சொல்லிடுவாங்க. பாறை ஓட்டைக்குள்ள கோத்துக் கட்டின நாடாவையும் அங்க நிறைய இடத்துல பிடிமானமா வச்சிருப்பாங்க. வெயில்ல கலர் வெளுத்து, தொட்டா விறைப்பா, ஓரம் பொடிப்பொடியா உதிர்ந்தா அத நம்பாதீங்க.

கியர் என்ன எடுத்துட்டு போகணும்?

ஷூ, ஹார்னஸ், சாக் பேக் (கையில தடவுற சாக் பவுடர் வைக்கிற பை), ஹெல்மெட், பழகின பிலே டிவைஸ், ஆங்கர்ல மாட்ட ஒரு ஸ்லிங்கும் (நாடா வளையம்) ரெண்டு லாக்கிங் காராபைனரும். இதுங்கள சொந்தமா வச்சுக்கோங்க. கயிறும் க்விக்டிராவும் (போல்ட்டையும் கயிறையும் இணைக்கிற ரெட்டைக் கொக்கி) வாடகைக்கு கிடைக்கும், தனியா போறவங்க அந்த எடையத் தூக்கிட்டுப் போக வேண்டாம், பார்ட்னர்கிட்டயும் பெரும்பாலும் இருக்கும். சொந்தமா கொண்டு போறதா இருந்தா 70 மீட்டர் கயிறு, 14 இல்ல 16 க்விக்டிரா. ஹெல்மெட்ட மட்டும் விட்டுடாதீங்க, விழுது உடைஞ்சு விழும், குரங்கும் மேல இருந்து கல்ல உருட்டி விடும். பைய திறந்து வச்சா அதுங்களே பிரிச்சு சாப்பாட்ட எடுத்துடும்.

விரல் தோல் சீக்கிரம் கிழியும், டேப் வேணும். ஓஆர்எஸ் பாக்கெட் பத்து பதினஞ்சு, கொசு மருந்து (டெங்கு இருக்குற ஊரு), பவளப்பாறையில கால் கீறினா போட ஆன்டிசெப்டிக். மேற்கு பாத்த பாறைக்கு காலைல நிழல், கிழக்கு பாத்ததுக்கு மதியத்துக்கு மேல நிழல், இத வச்சு நாள பிரிச்சுக்கோங்க.

டீப் வாட்டர் சோலோ தனியா பண்ணலாமா?

கயிறு இல்லாம கடல் மேல தொங்குற பாறையில ஏறி தண்ணியில குதிக்கிறது, பேர்ல சோலோன்னு இருக்கறதால தனியா பண்ணலாம்னு நினைக்கிறாங்க. கூடாது. கடல் ஏறியிருக்குற நேரம், எந்த இடத்துல ஆழம் இருக்கு, கீழ பாறை எங்க, இதெல்லாம் தெரிஞ்ச ஆள் படகோட கூட இருக்கணும். போடா தீவுப் பக்கம் கூட்டிட்டுப் போற குரூப் டூர் இருக்கு, படகுல இருந்து கயிறு ஏணியில பாறைய பிடிச்சு ஏறணும். நீச்சல் நல்லா தெரியணும். விழும்போது கால் முதல்ல, உடம்பு நேரா, கை ஒட்டி. கம்மி உயரத்துல இருந்து ரெண்டு தடவை குதிச்சுப் பாத்துட்டு மேல போங்க. பார்ட்னர் கிடைக்காத நாளுக்கு இது அருமையான பிளான்.

பொண்ணுங்க தனியா போலாமா?

நிறைய பேர் போறாங்க, பாறைக்கு கீழ தனியா வந்த பொண்ணுங்க எப்பவும் இருப்பாங்க. ராத்திரி காட்டுப் பாதைய மட்டும் தனியா நடக்காதீங்க, வெளிச்சமே கிடையாது. வீட்டுக்கு தினமும் மெசேஜ் போட ஒரு நேரம் வச்சுக்கோங்க, ரூம்ல சொல்லிட்டு கிளம்புங்க, இது ஆணுக்கும் சேர்த்துதான். யாரோ ஒருத்தர் கேக்காமலே வந்து டெக்னிக் சொல்லிக்குடுத்து கயிற வாங்கப் பாத்தா, "வேண்டாம், எனக்கு ஆள் இருக்கு"ன்னு நேரா சொல்லிடலாம், விளக்கம் குடுக்கணும்னு அவசியம் இல்ல. டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155, போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

வெஜ் கிடைக்குமா?

கிடைக்கும். "ஜே"ன்னு சொன்னா மீன் சாஸ், முட்டை கூட போடாத சுத்த சைவம்னு புரிஞ்சுப்பாங்க, வெறும் வெஜிடேரியன்னு சொன்னா மீன் சாஸ் ஊத்திடுவாங்க. அந்தப் பக்கம் முஸ்லிம் மக்கள் நிறைய, அதனால ஹலால் சாப்பாடு சுலபமா கிடைக்கும், நம்ம பரோட்டா மாதிரியே ரொட்டி போடுவாங்க, காலைல அதுவும் வாழைப்பழமும் சாப்பிட்டு பாறைக்குப் போனா மதியம் வரைக்கும் தாங்கும்.

செலவு?

பாதி செலவு ஃப்ளைட்தான். கைடோட ஏறுறதுக்கு அரை நாள் ஆயிரம் பாட்டுக்கு மேல, முழு நாள் ரெண்டாயிரத்த ஒட்டி வரும். பகல்ல ஆவ் நாங் படகு ஆளுக்கு சுமார் நூறு பாட். ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல பிடிப்பாங்க, அதனால ஒரே தடவையா எடுங்க. சொந்தமா பார்ட்னர் கிடைச்சு ஏற ஆரம்பிச்சிட்டா அப்புறம் சாப்பாடும் ரூமும்தான்.

அடிபட்டா என்ன பண்றது?

இன்சூரன்ஸ் எடுக்கும்போது பாறை ஏறுறதுக்கு கவர் இருக்கான்னு பாலிசிய முழுசா படிச்சுப் பாருங்க. சாதாரண டிராவல் பாலிசி பலதுல அது விலக்குல இருக்கும், அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் தனியா சேர்க்கணும், அதுலயும் கயிறோட ஏறுறதுக்கு மட்டும்னு எழுதியிருக்கலாம். அங்க பெரிய ஆஸ்பத்திரி இல்ல, படகுல ஏறி கிராபி டவுனுக்குத்தான் போகணும், கடல் வத்தியிருந்தா டோன்சாய்க்கு படகு வர்றதே கஷ்டம். மெடிக்கல் எமர்ஜென்சி நம்பர் 1669. பாலிசி நம்பர், ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதின ஒரு அட்டைய சாக் பேக்ல போட்டு வைங்க, போன் லாக் ஆயிருந்தாலும் பார்ட்னரால எடுத்துக் காட்ட முடியும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கடற்கரையையும் அடிச்சிருக்கு, மேட்டுக்கு போற வழிய காட்டுற போர்டுங்க இருக்கும், போன உடனே பாத்து வச்சுக்கோங்க.

ரெஸ்ட் டேல என்ன பண்ணலாம்?

ரெண்டு நாள் ஏறினா ஒரு நாள் ரெஸ்ட், இத மீறாதீங்க, விரல் தசைநார் போனா மாசக்கணக்குல ஏற முடியாது. பிரா நாங் பீச்ல ஒரு குகை இருக்கு, கடல் இளவரசிக்கு மரத்துல செஞ்ச லிங்க வடிவங்கள மீனவங்க காணிக்கையா வைப்பாங்க, வழிபாட்டு இடம், மரியாதையா பாத்துட்டு வாங்க.

கிராபி டவுனுக்கு தெற்க கிலோங் தோம்னு ஒரு ஊரு, பழங்கால மணிகள் கொத்துக்கொத்தா கிடைச்ச இடம். அங்க கிடைச்ச ஒரு சின்ன கல்லுல தமிழ் பிராமியில "பெரும்பதன் கல்"னு வெட்டியிருக்கு, பொற்கொல்லர் தங்கத்த உரசிப் பாக்குற உரைகல் அது, கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. அந்த ஊர் கோயில் மியூசியத்துல வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல இருந்து அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து உக்காந்து வேலை செஞ்ச ஒரு ஆளோட கல்லு, பாறை ஏற வந்தவங்க இதுக்கு அரை நாள் ஒதுக்கியே ஆகணும்னு எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கேன்.

போன இடத்துல யாருமே செட் ஆகலைன்னா?

அப்படி ஒரு நாள் கண்டிப்பா வரும், அதுக்கும் காசும் நேரமும் ஒதுக்கி வைங்க. கைடுக்கு ரெண்டு நாள் பணத்த தனியா எடுத்து வச்சுட்டா, சந்தேகமான ஆளோட ஏற வேண்டிய கட்டாயம் வராது, பெரும்பாலும் "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே"ன்ற நினைப்புலதான் வேண்டாம்னு சொல்ல வேண்டிய ஆளுக்கு சரின்னு சொல்லிடுறாங்க. ஒரு வாரம்னா அதுல நாலு நாள் ஏறினாலே நல்ல ட்ரிப்னு எடுத்துக்கோங்க. மிச்ச நாள் படகு டூர், கயாக், இல்ல பாறைக்கு கீழ உக்காந்து மத்தவங்க ஏறுறதப் பாருங்க, யார் நல்லா கயிறு பிடிக்கிறாங்கன்னு அப்பதான் தெரியும், மறுநாள் காலைல அவங்ககிட்டயே போய் கேட்டுடலாம்.